எல்லை தாண்டும் ஆறு: ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் என்னென்ன எழுதியாக வேண்டும்?

#1 வரைவாளர்

மேலே உள்ள நாடு அணை கட்டப் போகிறது. கீழே உள்ள நாட்டின் பாசனமும் குடிநீரும் அதே ஆற்றை நம்பி இருக்கின்றன. இரு தரப்பும் ஒப்பந்தம் எழுத உட்காருகின்றன. இந்த நிலையில் எதை எழுதினால் ஒப்பந்தம் பத்து வறட்சிகளைத் தாண்டி நிற்கும் என்பதுதான் இந்த இழையின் கேள்வி.

கொள்கை அளவில் எழுத வேண்டியதெல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. 1997 ஐநா நீர்வழி உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு நியாயமான, பொருத்தமான பயன்பாட்டைச் சொல்கிறது. 7ஆம் பிரிவு அண்டை நாட்டுக்குக் குறிப்பிடத்தக்க தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. தரவுப் பரிமாற்றம் 9இல், முன்னறிவிப்பு 12இல். ஏற்கப்பட்டு 17 ஆண்டுகள் கழித்து, 2014 ஆகஸ்டில்தான் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதை முழுவதும் படித்த பிறகும், இன்று காலை எந்த மதகை எவ்வளவு தூக்குவது என்று அணைப் பொறியாளர் ஒருவரால் சொல்ல முடியாது. அது பின்னிணைப்பின் வேலை. அங்கே என்ன எழுத வேண்டும்? அளவீடு, பங்கீட்டுச் சூத்திரம், அறிவிப்பு, அணை இயக்கம், தகராறு: இவற்றில் எதில் அனுபவம் இருந்தாலும் எண்களோடு எழுதுங்கள்.

#2 நீரளவன்

அளவீட்டிலிருந்து தொடங்குகிறேன். மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கின்றன.

ஆற்றில் ஓடும் நீரை யாரும் தினமும் நேரடியாக அளப்பதில்லை. அளப்பது மட்டத்தை. மட்டத்திலிருந்து ஓட்டத்தைக் கணக்கிட ஒரு வளைகோடு வைத்திருப்பார்கள். நல்ல நிலையத்திலும் அந்தக் கணக்கில் 5 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கும். வினாடிக்கு 50,000 கன அடி ஓடுகிறது என்றால் 2,500 கன அடி வரை பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். பல நாட்டுச் சண்டைகள் இந்தப் பிழையின் அகலத்துக்குள் நடப்பவை. ஆகவே பின்னிணைப்பின் முதல் வரியில், ஏற்கப்பட்ட பிழை வரம்பு எவ்வளவு, அந்த வரம்புக்குள் வரும் வேறுபாட்டை யார் கணக்கில் சேர்ப்பது என்று எழுதிவிட வேண்டும்.

அடுத்து வளைகோடு. பெருவெள்ளம் ஒன்று வந்து போனால் படுகை அரிபடும், இல்லையேல் மணல் ஏறும். அதன்பின் அதே மட்டத்துக்கு வேறு ஓட்டம். பழைய வளைகோட்டையே பிடித்துக்கொண்டிருந்தால் ஒரு நாடு திறந்தேன் என்று சொல்லும், மற்றது வரவில்லை என்று சொல்லும். இரண்டும் உண்மை பேசிக்கொண்டிருக்கும். குறைந்த நீர்க்காலத்தில் வாரம் இருமுறையாவது நேரடி அளவீடு வேண்டும். ஆற்றின் குறுக்கே 25 செங்குத்துக் கோடுகள் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இரு கோடுகளுக்கு நடுவிலும் மொத்த ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. ஆழமான இடத்தில் மேலிருந்து ஆழத்தின் 0.2, 0.8 ஆகிய இரு புள்ளிகளில் வேகம் பார்த்துச் சராசரி எடுங்கள். ஆழமில்லாத இடத்தில் 0.6இல் ஒரே புள்ளி போதும். படகில் கட்டி இழுக்கும் டாப்ளர் கருவி இருந்தால் வேலை விரைவாக முடியும். ஆனால் படுகை மணல் நகரும் ஆற்றில் அது வேகத்தைக் குறைத்துக் காட்டும். அதற்கான திருத்த முறையையும் சேர்த்து எழுதுங்கள்.

எழுத மறந்துபோகும் சில சிறு விஷயங்களும் உண்டு. ஒரு 'நாள்' எப்போது தொடங்குகிறது, காலை 8 மணிக்கா நள்ளிரவிலா? இரு நாட்டின் கடிகாரமும் வேறாக இருந்தால் எந்தக் கடிகாரம்? நாள் சராசரி எத்தனை நேரப் பதிவுகளிலிருந்து எடுக்கப்படுகிறது? மட்டத்தின் அடிப்படைப் புள்ளி எந்த நாட்டு நில அளவைப்படி? கருவி பழுதான நாளின் ஓட்டத்தை எப்படி நிரப்புவது? நிலையம் தடுப்பணைக்கோ ஆறுகள் கூடும் இடத்துக்கோ சற்று மேலே இருந்தால், பின்னோக்கித் தேங்கும் நீர் மட்டத்தை ஏற்றிக் காட்டும். அங்கே மட்டத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடவே கூடாது.

#3 கீழ்மடை

நீரளவன் சொன்னதற்கு நேரடி எடுத்துக்காட்டு 1996 டிசம்பரில் இந்தியாவும் வங்கதேசமும் கையெழுத்திட்ட கங்கை ஒப்பந்தம். கூட்டுக் குழு நான்கு இடங்களில் தினமும் ஓட்டத்தைப் பதிகிறது: எல்லைக்குச் சற்று மேலே இந்தியாவில் உள்ள ஃபராக்கா தடுப்பணைக்குக் கீழே, அங்கிருந்து ஹூக்ளி ஆற்றுக்குப் போகும் கால்வாயில், படகு மதகில், வங்கதேசத்துக்குள் ஹார்டிஞ்ச் பாலத்தில். திறந்த இடமும் போய்ச் சேர்ந்த இடமும் ஒரே குழுவின் பார்வையில் இருக்கின்றன. இந்த ஏற்பாட்டை எந்த ஒப்பந்தமும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

சூத்திரத்துக்கு வருவோம். ஜனவரி 1 முதல் மே 31 வரை, பத்துப் பத்து நாளாகக் கணக்கு. ஃபராக்காவில் வினாடிக்கு 70,000 கன அடியோ அதற்குக் குறைவோ வந்தால் ஆளுக்குப் பாதி. 70,000 முதல் 75,000 வரை வங்கதேசத்துக்கு 35,000, மிச்சம் இந்தியாவுக்கு. 75,000க்கு மேல் இந்தியாவுக்கு 40,000, மிச்சம் வங்கதேசத்துக்கு. எல்லைப் புள்ளிகளில் போட்டுப் பாருங்கள். 70,000இல் 35க்கு 35, 75,000இல் 35க்கு 40. எங்கும் திடீர்த் தாவல் கிடையாது. தாவல் இருக்கும் சூத்திரத்தில், அளவு எல்லைக்குச் சற்று மேலா கீழா என்பதற்கே பெரும் இழுபறி நடக்கும். தாவல் இல்லாத சூத்திரத்தில் சிறு பிழைக்குச் சிறு விளைவுதான். சூத்திரம் எழுதுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை.

ஆனால் அதே ஒப்பந்தத்தில் இன்னொரு இடத்தில் தாவல் வந்துவிடுகிறது. மார்ச் 11 முதல் மே 10 வரை இரு நாடுகளுக்கும் மாறி மாறி மூன்று பத்து நாட்களில் 35,000 கன அடி உறுதி. வரத்து 58,000 என்று வைத்துக்கொண்டால், ஒரு பத்து நாளில் 35,000 பெறும் நாடு அடுத்த பத்து நாளில் 23,000 பெறும். குறைந்த நீரிலும் ஒரு சுற்றுப் பாசனமாவது நிச்சயம் என்பது இதன் பலன். நாள் மாறும்போது மட்டம் படக்கென்று இறங்குவது இதன் கேடு. இறைப்புத் தொட்டிகள் நீர் எட்டாமல் கரையில் நிற்கும், ஈரக் கரை சரியும். மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல் மூன்று நாட்களுக்குப் பரப்பலாம் என்று ஒரு வரி எழுதினால் தீரும்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. 1977 உடன்பாட்டின் அட்டவணை 75 விழுக்காடு நம்பகத்தன்மையுள்ள வரத்தை வைத்துப் போடப்பட்டது. அதாவது நான்கில் மூன்று ஆண்டுகளாவது அந்த அளவு வரும். நீர் மிகவும் குறைந்தாலும் அட்டவணைப் பங்கில் 80 விழுக்காடு நிச்சயம் என்ற பிரிவும் அதில் இருந்தது. 1996இன் அட்டவணை 1949–1988 சராசரியை வைத்துப் போடப்பட்டது. சராசரி என்றால் ஏறத்தாழப் பாதி ஆண்டுகளில் அதைவிடக் குறையத்தான் செய்யும். 50,000 கன அடிக்குக் கீழே இறங்கினால் உடனே கலந்து பேச வேண்டும் என்று இருக்கிறது. பேசி முடியும்வரை எவ்வளவு திறப்பது என்ற எண் அங்கே இல்லை. வரத்து மிகக் குறையும் நேரத்தில்தான் எண் தேவை, அங்கேயே அது விடுபட்டிருக்கிறது. அந்த ஒப்பந்தத்தின் 30 ஆண்டுக்காலம் 2026 டிசம்பரில் முடிகிறது. அடுத்த வரைவில் எந்தக் காலத் தரவு, எந்த நம்பகத்தன்மை என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்வது நல்லது.

#4 பிரிவு ஏழு

அறிவிப்புப் பற்றி. 1997 உடன்படிக்கையின்படி திட்டத்தைத் தொழில்நுட்பத் தரவுகளோடும் சுற்றுச்சூழல் மதிப்பீட்டோடும் அறிவிக்க வேண்டும். பதில் சொல்ல ஆறு மாதம். ஆராய்வது கடினம் என்றால் கேட்டு இன்னும் ஆறு மாதம் வாங்கலாம். அந்தக் காலத்தில் அறிவித்த நாடு வேலையைத் தொடங்கக் கூடாது. எதிர்ப்பு வந்தால் பேச்சு. கேட்டுக்கொண்டால் அப்போதும் ஆறு மாதம் நிறுத்தி வைக்க வேண்டும். பதிலே வராவிட்டால் அறிவித்தபடி மேலே போகலாம்.

உருகுவே ஆற்றங்கரைக் காகிதக்கூழ் ஆலை வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 2010இல் சொன்னது முக்கியம். எல்லை தாண்டிப் பாதிப்பு வரக்கூடிய திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்வது பொதுச் சர்வதேசச் சட்டப்படியே கடமை, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கத் தேவையில்லை என்றது. ஆனால் மதிப்பீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கே விட்டுவிட்டது. எனவே உள்ளடக்கத்தைப் பின்னிணைப்பில் எழுதுங்கள்: எத்தனை ஆண்டு ஓட்டத் தரவு, எந்தப் பருவ மீன் ஆய்வு, வண்டல் அளவு, கீழ்க்கரையில் எந்தத் தூரம் வரை.

எச்சரிக்கைக்கு மீகாங் ஆற்றைப் பாருங்கள். தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் நான்கும் செய்த 1995 உடன்பாட்டின் முன்கலந்தாய்வு யாருக்கும் தடுப்புரிமையும் தரவில்லை, தன்னிச்சையாகச் செய்யும் உரிமையும் தரவில்லை. லாவோஸின் சயாபுரி அணைக்கு 2010இல் தொடங்கிய கலந்தாய்வுதான் முதன்முதல். நான்கு நாடுகளும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கலந்தாய்வு முடிந்ததா இல்லையா என்பதிலேயே கருத்து வேறுபாடு, இதற்கிடையே கட்டுமானம் நடந்துவிட்டது. 'கலந்தாய்வு இன்ன நாளில், இன்ன ஆவணத்தில் இரு தரப்பும் ஒப்பமிட்டதும் முடிகிறது. அதுவரை அணுகுசாலை போன்ற துணை வேலைகளும் கூடாது' என்று எழுதாவிட்டால் இதுதான் நடக்கும்.

#5 வரைவாளர்

'வறட்சி' என்று எப்போது அறிவிப்பது? எல்லா வரைவும் இந்தச் சொல்லில்தான் வந்து நிற்கிறது.

#6 நீரளவன்

ஒரே கண்டத்தில் இரண்டு விடைகள் இருக்கின்றன.

அமெரிக்கா–மெக்சிகோ 1944 ஒப்பந்தத்தில், ரியோ கிராண்டேயின் 6 துணையாறுகளிலிருந்து மெக்சிகோ ஆண்டுச் சராசரி 3.5 லட்சம் ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி) தர வேண்டும். கணக்கு ஐந்தாண்டுச் சுழற்சியில் பார்க்கப்படும். 'அசாதாரண வறட்சி' வந்தால் குறையை அடுத்த சுழற்சியில் ஈடுகட்டலாம். எது அசாதாரணம் என்று எழுதவில்லை. விளைவு, சுழற்சி முடிய ஓராண்டு இருக்கும்போது பெரும் நிலுவை சேர்ந்து நிற்பதும், அதன்மேல் அரசியல் சூடேறுவதும் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஐந்தாண்டு என்பது நல்ல ஏற்பாடுதான், ஒற்றை மோசமான ஆண்டைத் தாங்கும். கூடவே ஆண்டுக்கு ஆண்டு குறைந்தபட்ச அளவு ஒன்றும் வைத்திருக்க வேண்டும்.

கொலராடோ ஆற்றின் பக்கம் பாருங்கள். அதே ஒப்பந்தத்தின் கீழ் எல்லை நீர் ஆணையம் 'மினிட்' என்ற பெயரில் துணை உடன்பாடுகள் போடலாம். 2012இன் 319, 2017இன் 323 இரண்டிலும் குறைப்பு, அந்த ஆற்றில் அமெரிக்காவுக்குள் உள்ள பெரிய தேக்கமான மீட் ஏரியின் நீர்மட்டத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. 1,075 அடிக்குக் கீழே இறங்கினால் மெக்சிகோவுக்கான 15 லட்சம் ஏக்கர் அடியில் 50,000 குறையும். இன்னும் இறங்கினால் இன்னும் குறையும். அமெரிக்க மாநிலங்களுக்கும் அதே மட்டங்களில் குறைப்பு உண்டு. மட்டம் எல்லோருக்கும் தெரியும் எண். யாரும் வறட்சியை அறிவிக்க வேண்டியதில்லை, அணை அளவுப் பலகையே அறிவித்துவிடுகிறது. முடிந்த இடமெல்லாம் 'வறட்சி' என்ற சொல்லை நீக்கிவிட்டு, ஓர் அணையின் மட்டத்தையோ குறிப்பிட்ட நிலையத்தின் 30 நாள் சராசரி ஓட்டத்தையோ எழுதுங்கள்.

#7 தலைமதகு

அணை இயக்கம் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. அணையின் உயரத்துக்காக ஆண்டுக்கணக்கில் வாதாடிவிட்டு, இயக்க விதிக்கு அரைப்பக்கம் ஒதுக்குவார்கள். ஆனால் கீழ்நாட்டுக்கு நன்மையும் தீமையும் வருவது இயக்கத்தில்தான்.

முதல் நிரப்பல் ஒரு முறை நடப்பது, அதற்குத் தனி விதி வேண்டும். எத்தியோப்பிய மறுமலர்ச்சி அணையின் கொள்ளளவு 7,400 கோடி கனமீட்டர். நீல நைலின் சராசரி ஆண்டு வரத்து ஏறத்தாழ 4,900 கோடி. ஆக, ஒன்றரை ஆண்டு ஆறு முழுவதும் உள்ளே போனால்தான் நிரம்பும். 2015 கார்ட்டூம் கொள்கைப் பிரகடனத்தில் நிரப்பலுக்கு வழிகாட்டு விதி வகுப்பதாக எத்தியோப்பியா, சூடான், எகிப்து மூன்றும் ஒப்புக்கொண்டன. விதி வராமலே 2020இல் நிரப்பல் தொடங்கிவிட்டது. 'இத்தனை ஆண்டில் நிரப்புவோம்' என்று எழுதுவது தவறான வடிவம். 'அந்தப் பருவ வரத்தில் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் பிடிக்கமாட்டோம். கீழணையின் மட்டம் இதற்குக் கீழே போனால் பிடிப்பது நிற்கும்' என்று எழுதினால், ஈரமான ஆண்டில் வேகமாகவும் வறண்ட ஆண்டில் மெதுவாகவும் தானே நடக்கும்.

நிரம்பிய பிறகு நாள்தோறும் வருவது மின்னுற்பத்தி ஏற்ற இறக்கம். மாலையில் டர்பைன் முழு வேகம், நள்ளிரவில் நிறுத்தம். கீழே மட்டம் ஒரு மணி நேரத்தில் ஏறி இறங்கும். மணிக்கு இத்தனை சென்டிமீட்டருக்கு மேல் மட்டம் மாறக் கூடாது என்று எல்லை நிலையத்தில் வரம்பு வையுங்கள். அணையடியில் வரம்பு வைத்தால் நடுவில் சேரும் துணையாறுகளைக் காரணம் காட்டலாம். எல்லையில் மட்டும் வைத்தாலோ அணைக்காரர் தன் கையில் இல்லாததற்குப் பொறுப்பாவார். இரண்டு இடத்திலும் வேண்டும். இதோடு, ஏறி இறங்கும் ஓட்டத்தைப் பிடித்துச் சீராக விடும் ஒரு சிறிய மறுசமன் தேக்கம் கீழே கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும், அதன் செலவை அணைத் திட்டத்துக்குள்ளேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

அவசரத் திறப்புக்கு, மதகு தூக்கும் முன் எத்தனை மணி நேரம், யாருக்கு, எந்த வழியில் சொல்வது என்று இருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகம் வழியாகப் போகும் செய்தி வெள்ளம் வந்த பிறகுதான் போய்ச் சேரும். அணைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கீழ்நாட்டு வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்கு நேரடித் தொடர்பு வேண்டும், மாதம் ஒரு முறை சோதனை அழைப்பு வேண்டும்.

#8 கீழ்மடை

தலைமதகு எழுதியதை ஏற்கிறேன். ஆனால் மதகு எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதையும் ஒப்பந்தத்தில் கட்டுப்படுத்தியாக வேண்டும். தாழ்ந்த மட்டத்தில் பெரிய மதகு வைத்தால் மேல்நாடு எப்போது வேண்டுமானாலும் தேக்கத்தை வடித்துவிட்டு மறுபடி நிரப்பலாம், விதைக்கும் பருவத்தில் கீழே நீரை நிறுத்தலாம். இந்தியாவும் பாகிஸ்தானும் செய்த 1960 சிந்து நதி ஒப்பந்தத்தில் மேற்கு ஆறுகளில் இந்தியா கட்டும் நீர்மின் நிலையங்களுக்கு மதகு மட்டம், தேக்க அளவு எல்லாம் பின்னிணைப்பில் வரையறுக்கப்பட்டது இந்த அச்சத்தால்தான். அச்சத்தை வெறும் சந்தேகம் என்று தள்ள முடியாது.

#9 தலைமதகு

அச்சம் நியாயமானது. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையையும் பாருங்கள். அந்த மேற்கு ஆறுகளில் ஒன்றான செனாபில் சலால் அணையின் அடிமட்ட மணற்போக்கிகள் 1978 உடன்பாட்டின்படி அடைக்கப்பட்டன. இமயமலை ஆறு கொண்டுவரும் வண்டல் வெளியேற வழியில்லாமல் தேக்கமே வண்டலால் நிரம்பிவிட்டது. யாருக்கும் லாபமில்லை. அதே ஆற்றின் பாக்லிகார் அணை வழக்கில் 2007இல் நடுநிலை நிபுணர் ரேமண்ட் லாஃபித் வண்டலைக் கருதித் தாழ்ந்த உபரிநீர் மதகுகளை ஏற்றார், தேக்க அளவையும் அணையின் உயரத்தையும் சற்றுக் குறைத்தார். 2013 கிஷன்கங்கா நீர்மின் திட்டத் தீர்ப்பில் நடுவர் மன்றம் அடித்தேக்க மட்டத்துக்கு (வழக்கமான இயக்கத்தில் எடுக்காமல் விடும் அடி நீரின் மட்டம்) கீழே இறக்கி வண்டல் கழுவுவதைப் பொதுவாகத் தடுத்தது. ஒரே ஒப்பந்தம், ஆறு ஆண்டு இடைவெளியில் இரண்டு பார்வை. 1960இல் எழுதிய வரிகளில் வண்டல் மேலாண்மை போதுமாக இல்லை என்பதுதான் வேர்.

என் கருத்தில் மதகைத் தடுக்காமல் மதகின் நேரத்தைத் தடுக்க வேண்டும். வண்டல் கழுவுதல் பெருமழைக் காலத்தில், வரத்து குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும் நாட்களில் மட்டும். தொடங்க 72 மணி நேர அறிவிப்பு. கீழே வரும் நீரில் லிட்டருக்கு எத்தனை கிராம் வண்டல் என்பதற்கு உச்சவரம்பு, ஏனென்றால் ஒரேயடியாகக் கழுவினால் ஆக்சிஜன் இறங்கி மீன் மொத்தமாகச் சாகும். மறுபடி நிரப்பும்போது எல்லையில் குறைந்தபட்ச ஓட்டம். மதகுக் கதவின் நிலையைக் காட்டும் உணர்கருவியின் பதிவு நேரடியாகக் கீழ்நாட்டுத் திரைக்குப் போக வேண்டும். நிகழ்நேரத்தில் கதவைப் பார்க்க முடிந்தால் கான்கிரீட் ஊற்றி அடைக்கச் சொல்ல வேண்டிய தேவை வராது.

#10 கீழ்மடை

திரை அணைந்துவிட்டால்? 2025 ஏப்ரலில் இந்தியா சிந்து ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்ததாக அறிவித்தது. மூன்று போர்களைத் தாண்டி நின்ற ஆணையக் கூட்டங்களும் தரவுப் பரிமாற்றமும் ஒரு அறிவிப்பில் நின்றுவிடக்கூடும் என்றால், கீழ்நாடு கான்கிரீட்டைத்தான் நம்பும். தரவுப் பிரிவைப் பங்கீட்டுப் பிரிவிலிருந்து பிரித்துத் தனி உடன்பாடாக எழுதுங்கள். வெள்ள எச்சரிக்கை எந்தச் சூழலிலும் நிற்காது என்று அதில் தனியாக ஒரு வரி. அப்படியானால் மட்டுமே உங்கள் 'நேரத்தைத் தடுப்பது' எனக்கு ஏற்பு.

#11 தலைமதகு

தனி உடன்பாடு சரி. ஏற்கிறேன். நிலையங்களைச் செயற்கைக்கோள் வழியாக நேரடியாக இரு நாட்டுக்கும் அனுப்புமாறு அமைத்தால், ஒருவர் மட்டும் நிறுத்துவதும் எளிதாக இருக்காது.

#12 ஊற்றுக்கண்

ஆற்றை மட்டும் எழுதிவிட்டு நிலத்தடியை விட்டுவிடாதீர்கள். கால்வாயில் குறைத்ததை ஆற்றங்கரைக் கிணறுகளில் எடுத்துக்கொள்ளலாம், ஓட்டம் ஆண்டுகள் கழித்துத்தான் குறைந்து காட்டும். அதற்குள் சூத்திரம் பொருளிழந்துவிடும்.

நடைமுறையில் நன்றாக ஓடும் ஏற்பாடு ஜெனீவாவின் நிலத்தடி நீர்த்தாங்கி. அளவுக்கு மீறி இறைத்ததில் மட்டம் பல மீட்டர் இறங்கியபின், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா கான்டனும் (மாநிலம்) பிரான்சின் ஓத்-சவ்வா பகுதியும் 1978இல் உடன்பட்டன, 2007இல் புதுப்பித்தன. ஆர்வ் ஆற்று நீரைச் சுத்தப்படுத்தி நிலத்துக்குள் விடுகிறார்கள். ஆறு கலங்கினாலோ மாசடைந்தாலோ உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். எல்லாக் கிணற்றிலும் மீட்டர், இறைத்த அளவுக்கேற்பச் செலவுப் பங்கு. உள்ளாட்சிகள் செய்துகொண்ட உடன்பாடு இது, அதனால் வேகமாக நடந்தது. ஆற்றிலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் உள்ள ஆழ்துளைக் கிணறுகள் ஆற்றுப் பங்கில் சேரும் என்று உங்கள் பின்னிணைப்பில் ஒரு வரி சேருங்கள்.

#13 பிரிவு ஏழு

தரமும் அப்படித்தான். 1944 கொலராடோ ஒப்பந்தத்தில் அளவு இருந்தது, தரம் இல்லை. 1961 முதல் அமெரிக்காவின் வெல்டன்-மோஹாக் பாசனப் பகுதியின் உப்பு வடிகால் ஆற்றில் விழுந்தது. மெக்சிகோவுக்குக் கணக்குப்படி நீர் வந்தது, மெக்சிகாலி வயல்கள் உப்புப் பூத்தன. 1973இல் மினிட் 242 வந்த பிறகுதான் தீர்வு: மெக்சிகோவுக்கு வரும் நீரில் உப்பு, மேலே அமெரிக்காவின் இம்பீரியல் அணையில் உள்ள உப்பைவிட ஆண்டுச் சராசரியில் பத்து லட்சத்தில் 115 பங்குக்கு மேல் கூடக் கூடாது, 30 பங்கு முன்பின் போகலாம். எண் எவ்வளவு துல்லியம் என்று கவனியுங்கள். மேலே உள்ள இடத்தோடு ஒப்பிட்டு வரம்பு வைத்ததால், இயற்கையான ஏற்ற இறக்கத்துக்கு யாரும் பொறுப்பாக வேண்டியதில்லை.

விபத்துக்கு ரைன். 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே சாண்டோஸ் வேதிப்பொருள் நிறுவனத்தின் கிடங்கு எரிந்தபோது தீயணைத்த நீரோடு பூச்சிமருந்துகள் ஆற்றில் கலந்தன. விலாங்குகள் மொத்தமாகச் செத்தன. எச்சரிக்கை தாமதமாகப் போனதும் பெரிய குறையாகப் பேசப்பட்டது. அதன்பின் வந்த 1987 செயல்திட்டமும் வலுப்படுத்தப்பட்ட எச்சரிக்கை ஏற்பாடும் இன்றைக்கும் மாதிரி. சாயம் கலந்து சோதித்து, ஒரு நச்சு எத்தனை மணி நேரத்தில் எந்த ஊரின் குடிநீர் உறிஞ்சிக்கு வரும் என்று கணக்கிடும் மாதிரியே வைத்திருக்கிறார்கள். தீயணைப்பு நீரைப் பிடித்து வைக்கும் தொட்டி, ஆற்றங்கரைக் கிடங்கு எதற்கும் உரிம நிபந்தனையாக இருக்க வேண்டும்.

#14 வரைவாளர்

மேல்நாடு கேட்கும் கேள்வி ஒன்று பாக்கி: 'நான் இவ்வளவு கட்டுப்பட்டால் எனக்கு என்ன?'

#15 தலைமதகு

பங்கு கேட்கட்டும், தவறில்லை. செனகல் ஆற்றில் மாலி, மொரித்தானியா, செனகல் மூன்றும் 1972இல் தொடங்கிய அமைப்பு, மாலிக்குள் இருக்கும் மனந்தாலி அணையைக் கூட்டுச் சொத்தாக வைத்திருக்கிறது. மின்சாரத்தில் மாலிக்கு 52 விழுக்காடு, செனகலுக்கு 33, மொரித்தானியாவுக்கு 15. கடனுக்கும் கூட்டுப் பொறுப்பு. அணை எல்லோருடையது என்றானபின் இயக்க விதியை மாற்றுவது ஒரு நாட்டு முடிவாக இருக்க முடியாது. குறையும் உண்டு: கழிமுகத்தில் டியாமா தடுப்பணை உப்புநீரைத் தடுத்ததும், நன்னீரில் சம்பும் நத்தைக் காய்ச்சலும் பரவின. சுகாதாரச் செலவை யார் ஏற்பது என்பதையும் பங்கில் சேர்த்திருக்க வேண்டும்.

கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் கொலம்பியா ஆற்றில் கனடா 1.55 கோடி ஏக்கர் அடி தேக்கம் கட்டிக் கொடுத்தது. பதிலுக்கு அதனால் அமெரிக்காவில் கூடுதலாகக் கிடைக்கும் மின்சாரத்தில் பாதி, வெள்ளத் தடுப்புக்கு 60 ஆண்டுக்கு 6.44 கோடி டாலர். சேமித்து வைக்கும் சேவைக்கே விலை.

அந்த விலை இல்லாவிட்டால் மத்திய ஆசியாவின் சிர்தார்யா ஆற்றில் நடந்ததுதான் நடக்கும். கிர்கிஸ்தானின் டோக்டகுல் அணை கோடையில் நீர் விட வேண்டும், கீழ்நாடுகள் கோடை மின்சாரத்தை வாங்கிக்கொண்டு குளிர்காலத்தில் நிலக்கரியும் எரிவாயுவும் தர வேண்டும் என்று 1998இல் உடன்பாடு. நல்ல மழையாண்டில் கீழ்நாட்டுக்குக் கோடை நீர் தேவைப்படாது, எனவே எரிபொருளும் குறையும். குளிருக்கு மின்சாரம் வேண்டி கிர்கிஸ்தான் குளிர்காலத்தில் திறக்கும். உறைந்த ஆறு அதைத் தாங்காது, வெள்ளம் கீழ்நாட்டிலுள்ள அர்னசாய் பள்ளத்தில் போய் விழும். அடுத்த கோடைக்குத் தேக்கத்தில் நீர் குறைந்திருக்கும். நீர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் தேக்கி வைப்பதற்கு ஆண்டுக் கட்டணம் என்று வைத்திருந்தால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்திருக்கும்.

#16 பிரிவு ஏழு

தகராறுக்கு நான் பரிந்துரைப்பது: இரு நாட்டுக் கூட்டு ஆணையத்தில் 60 நாள், பிறகு இரு தரப்பும் முன்கூட்டியே பெயர் குறித்து வைத்த நிபுணர், பிறகு நடுவர் மன்றம். எந்தக் கேள்வி நிபுணருக்கு, எது மன்றத்துக்கு என்பதைப் பட்டியலிட்டு, ஒரே கேள்வி ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்குப் போக முடியாது என்றும் எழுதுங்கள். சிந்துவில் கிஷன்கங்கா, ராட்லே நீர்மின் திட்டங்களின் வடிவமைப்புக் கேள்விகளை ஒரு நாடு நிபுணரிடமும் மற்றது மன்றத்திடமும் கொண்டுபோக, 2022இல் உலக வங்கி இரண்டையும் அமர்த்த நேர்ந்தது. ஒரு தரப்பு ஆளை நியமிக்க மறுத்தால் 30 நாள் கழித்து வெளியார் நியமிப்பார் என்பதும் வேண்டும், இல்லாவிட்டால் மௌனமே தடுப்புரிமை ஆகிவிடும்.

#17 நீரளவன்

செலவையும் எழுதிவிடுங்கள். எல்லைக்கு இருபுறமும் உள்ள அளவீட்டு நிலையங்களின் பராமரிப்பு, உதிரிப் பாகம், படகு, பயிற்சி எல்லாவற்றுக்கும் ஒரே கூட்டுக் கணக்கிலிருந்து பணம் போக வேண்டும். தன் நாட்டு நிலையத்தை அவரவர் பார்த்துக்கொள்வது என்றால், நெருக்கடியான ஆண்டில் முதலில் பழுதாவது அந்த நிலையமாகத்தான் இருக்கும். ஓட்டமானிகளை ஆண்டுக்கு ஒரு முறை ஒரே சோதனைத் தொட்டியில் இரு நாட்டாரும் சேர்ந்து சரிபார்க்கட்டும். கணக்கெடுக்கும் பருவம் தொடங்க இரண்டு மாதம் முன்பே அதை முடித்து, அந்த ஆண்டு வளைகோட்டின் கீழ் இரு தலைமைப் பொறியாளர்களும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்தில்லாத வளைகோட்டை வைத்துக் கணக்கிட்ட ஓட்டம் பங்கீட்டுக்குச் செல்லாது என்பதைப் பின்னிணைப்பின் முதல் பக்கத்தில் போடுங்கள்.